நான் நீக்கிய அரை வரி

1938ஆம் வருடம், தை மாதம். பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாலையில் மூன்றாவது மைல் கல். அங்கே கிழக்கே பிரியும் மண் பாதையில், வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி முக்கால் மைல் நடந்தால் ஓர் ஏரி. அதன் தென்கரையில், மதகிலிருந்து மேற்கே நாற்பது தப்படியில், அருகருகே மூன்று புளிய மரங்கள் நின்றன. இதில் வரும் யாருடைய பெயரையும் நான் எழுதப் போவதில்லை. இடத்தை மட்டும் அடி சுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சேலத்தில் நெசவுக் குடும்பம். தறியை விட்டுப் பட்டணம் போய், ஒரு தினசரியில் மூன்று வருடம் உதவி ஆசிரியனாக இருந்தேன். வெளியூர் நிருபர்கள் நான்கு பக்கம் எழுதி அனுப்புவதை நான்கு அங்குலத்துக்குள் அடக்குவது என் வேலை. சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். யார், எது, எத்தனை என்பது மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் போகும். அதில் எனக்கு நல்ல பெயர். பத்திரிகை நின்று போனதும் ஊர் திரும்பினேன். மீன் இலாகாவின் ஆராய்ச்சி அதிகாரி ஒருவருக்கு ஆறு மாதத்துக்குக் குமாஸ்தாவும் மொழிபெயர்ப்பாளரும் தேவை என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன்.

அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர், சீமையில் படித்தவர், தமிழ் தெரியாது. மரியாதை தெரிந்த மனிதர். ஒரு மீனின் செதிலைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவார். இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் அறியாமல் செய்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்களை அந்த ஏரிக்கு அனுப்பியது ஒரு மனு. ஏரியில் மீன் பிடிக்கும் குத்தகையை எடுத்தவர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார்: வடக்கேயிருந்து ரயிலில் கொண்டு வந்து விட்ட பெரிய தலைக் கெண்டைக் குஞ்சுகளை, தென்கரைப் புளிய மரங்களில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் தின்று தீர்க்கின்றன, மரங்களை வெட்டிப் பறவைகளை விரட்ட வேண்டும். உண்மையா என்று பார்த்து எழுத வேண்டியது எங்கள் வேலை.

அந்த மரங்கள் நின்ற நிலம் சர்க்காருடையது. மரங்களின் பலனை அனுபவிக்கும் பட்டா மட்டும் ஓர் அம்மாளிடம் இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை. ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் கொடிக்கால்தான் அவருடைய ஜீவனம். மரத்தடியில் விழும் எச்சத்தை ஏரி வண்டலோடு கலந்து மக்க வைத்து, அதைத்தான் கொடிகளுக்குப் போடுவார். மரம் போனால் எரு போகும். எரு போனால் கொடிக்கால் போகும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மரத்தில் கூடு இருக்கும் வரை புளியை உலுக்குவதோ கழி கொண்டு அடிப்பதோ கிடையாது. மாசியில் மற்ற மரங்களின் புளி எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். இந்த மூன்று மரங்களில் மட்டும் பழம் தொங்கிக்கொண்டிருக்கும். குஞ்சுகள் பறந்த பிறகு, உளுத்தது போக மிச்சத்தைத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

முதல் நாளே அவரிடம் திட்டு வாங்கினோம். எச்சம் மேலே விழாமலிருக்க அதிகாரி குடையை விரித்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். மேலே ஒரே கலவரம். பெரிய பறவைகள் எழுந்து சிறகடிக்க, கூட்டுச் சுள்ளிகள் கீழே கொட்டின. அந்த அம்மாள் கையில் சீமாற்றோடு ஓடி வந்தார்.

“ஏனுங்க, கொடையச் சுருக்குங்க மொதல்ல! கறுப்பா விரிச்சா அதுக கழுகுன்னு பயப்படுது.”

“துரை மேல எச்சம் விழுதேம்மா” என்றேன்.

“எச்சம் உழுந்தா கழுவிக்கலாம். குஞ்சு உழுந்தா திரும்ப ஒட்ட வெப்பாரா உங்க தொர?”

நான் இதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி சிரித்துவிட்டுக் குடையைச் சுருக்கினார். அடுத்த நிமிஷமே அவர் தொப்பியில் வெள்ளையாக ஒன்று விழுந்தது. அந்த அம்மாள் சீமாற்றைத் தரையில் தட்டிக்கொண்டு, “பாத்தீங்களா, இப்ப மனுசன்னு தெரிஞ்சுக்கிச்சு” என்றார்.

பறவைகள் எதைத் தின்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுட்டு வயிற்றை அறுத்துப் பார்ப்பதுதான் அதிகாரி படித்த முறை. அதற்காகவே இரட்டைக்குழல் துப்பாக்கி கொண்டு வந்திருந்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் அந்த அம்மாள் சீமாற்றைக் கீழே போட்டார். என்னிடம் வந்து கேட்டார்:

“எதுக்குங்க சாமி சுடோணும்? அதுக திங்கறதப் பாக்கோணும், அவ்வளவுதான? நாந்தான் தெனமும் கூட்டித் தள்றனே!”

அவர் சொன்னது இதுதான். தாய்ப் பறவை இரையை விழுங்கிக் கொண்டு வந்து கூட்டில் கக்கும். குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்னும்போது பாதி கீழே விழும். விடிந்ததும் அவர் கூட்டுவது எச்சத்தை மட்டுமல்ல, அந்த இரையையும்தான். மறுநாள் காலை ஒரு முறத்தில் அள்ளிக் கொண்டு வந்து எங்கள் முன் வைத்தார். முறத்தில் பெரும்பாலும் நத்தை. பிறகு தவளை, நண்டு, வயல் எலிக் குஞ்சு ஒன்று, சுண்டு விரல் அளவு குறவை, அயிரை மீன்கள்.

அதிகாரியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே மலர்ந்தது. இதைவிட நல்ல முறை இல்லை என்றார். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டார். அதன் பிறகு பதினொரு காலைகள் அந்த அம்மாள் கூட்டி எடுத்து வந்தார், அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துச் சொன்னார், நான் எழுதினேன். மரம் ஒன்று, மரம் இரண்டு, மரம் மூன்று என்று தனித்தனிக் கட்டம் போட்டு எழுதினேன். அந்தப் பதினொரு நாளில் பெரிய தலைக் கெண்டைக் குஞ்சு ஒன்றே ஒன்றுகூட முறத்தில் வரவில்லை. அந்த மரங்களில் இருந்தவை பெரும்பாலும் நத்தைகுத்தி நாரைகள், மற்றவை கொக்குகள். நத்தைகுத்தி என்று ஊரார் வைத்த பெயரிலேயே அதன் சாப்பாடு இருக்கிறது.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, முறத்தில் ஓர் அயிரை கிடந்தது. கொக்குக் குஞ்சு ஒன்று வாயிலிருந்து தவறவிட்டது. உடலில் மற்ற அயிரைக்கு இல்லாத மாதிரி பட்டைகள். அதிகாரி அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி பார்த்தார். இதுவரை யாரும் எழுதி வைக்காத மீன் இது என்றார். அன்று முதல் அவருக்கு மரமும் மனுவும் இரண்டாம் பட்சமாகிவிட்டன. ஏரிக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலிலேயே பாதி நாள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

விஷயம் குத்தகைதாரர் காதுக்குப் போயிற்று. நல்ல பேச்சுக்காரர், எப்போதும் சிரித்த முகம். நாங்கள் தங்கியிருந்த சர்க்கார் சாவடிக்குக் கோழியும் வாழைத்தாரும் அனுப்பி வைப்பவர். அவர் வந்து, “குப்பையக் கூட்டிப் பாத்தா என்னங்க தெரியும்? எங்க கொளத்துக்கு வந்து பாருங்க” என்றார்.

அவர் ‘கொளம்’ என்றது ஏரியின் வடகரையில் வெட்டியிருந்த நாற்றுக் குளத்தை. ரயிலில் வந்த குஞ்சுகளை ஏரியில் விடுமுன் கொஞ்ச நாள் வளர்க்கும் இடம். முழங்கால் ஆழம், ஒரு மாட்டுக் கொட்டகை அகலம். அதற்குள் குஞ்சுகள் உலைப்பானை அரிசி போல நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஏரிக்குள் நின்ற கருவேல மரங்களில் நீர்க்காகங்கள் அடையும். அவை காலையில் நேரே குளத்துக்கு வந்து விருந்து சாப்பிட்டுப் போயின. வராமல் என்ன செய்யும்?

நான் இதை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் அரை நொடியில் பதில் சொன்னார்: “நீர்க்காக்கா எம்மரத்துக்கு வாரதே இல்லீங்க. கொளத்து மேல ஒரு பழைய வலயக் கட்டச் சொல்லுங்க, தீந்துது. இதுக்குப் போயி மரத்த வெட்டறதா?”

அதிகாரியிடமும் இதைச் சொன்னேன். அவர் தலையசைத்தார். ஆனால் குத்தகைதாரரின் மனத்திருப்திக்கு என்று, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு இரண்டு காலைகள் குளத்தின் கரைக்குப் போனார். ஒன்பது நீர்க்காகங்களைச் சுட்டார். ஒன்பதின் வயிற்றிலும் கெண்டைக் குஞ்சுகள். நான் பக்கத்தில் நின்று எழுதினேன்.

அறிக்கை ஆங்கிலத்தில், இருபத்து மூன்று பக்கம். நேர்மையான அறிக்கை. முறத்தில் வந்தவற்றின் பட்டியல் முழுதும் அதில் இருந்தது. பதினேழாம் பக்கத்தில் இருந்த வாக்கியத்தின் பொருளை இன்றும் அப்படியே சொல்வேன்: ‘நாற்றுக் குளத்தின் கரையில் சுடப்பட்ட ஒன்பது நீர்க்காகங்களின் வயிற்றிலும் வளர்ப்பு மீன் குஞ்சுகள் இருந்தன; இவை புளிய மரங்களில் அடைபவை அல்ல.’ குளத்துக்கு வலை போட்டால் போதும் என்ற யோசனையும் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

சேலம் திரும்பியதும் மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது. நீண்ட அறிக்கைகளைப் படிக்க அவகாசமில்லை. ஒரே பக்கத்தில் சுருக்கம் வேண்டும். அதிகாரி காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். “நீங்கள் பத்திரிகைக்காரர். இது உங்களுக்கு ஒரு மணி நேர வேலை” என்றார். அவர் மேஜையில் அயிரை மீன் மிதக்கும் கண்ணாடிக் குப்பி இருந்தது. அதன் படத்தை வரைந்துகொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பட்டியலை எடுத்துவிட்டு ‘பின்னிணைப்பு காண்க’ என்று எழுதினேன். பதினேழாம் பக்க வாக்கியத்துக்கு வந்தேன். ‘நாற்றுக் குளத்தின் கரையில்’ என்பது விவரம். விவரம் வேண்டாம், அடித்தேன். ‘நீர்க்காகம்’ என்பதற்கு அறிக்கையில் இருந்த ஆங்கிலப் பெயர் வருவாய் அலுவலகத்தில் யாருக்கும் புரியாது. எளிய சொல் போடு என்று பழகிய கை ‘பறவைகள்’ என்று போட்டது. அரைப்புள்ளிக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். புளிய மரத்தில் அடையாத பறவையைப் பற்றிப் புளிய மர அறிக்கையில் என்ன பேச்சு? அதையும் அடித்தேன். ‘சுடப்பட்ட ஒன்பது பறவைகளின் வயிற்றிலும் வளர்ப்பு மீன் குஞ்சுகள் இருந்தன.’ வாக்கியம் கச்சிதமாக நின்றது. வலை பற்றிய யோசனையும் பின்னிணைப்புக்குப் போனது. தட்டெழுத்தில் அடித்து எடுத்தபோது பக்கத்தின் அடியில் மூன்று விரல் அகலம் வெறுமையாக மிஞ்சியது. ஒரு பக்கம் கேட்டார்கள், ஒரு பக்கத்துக்கும் குறைவாகவே முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

அதிகாரி படித்தார். மெதுவாக, ஒரு முறைக்கு இரு முறை படித்தார். அந்த வாக்கியத்தில் அவர் விரல் நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டார்.

மாசி மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, வருவாய் அலுவலகத்திலிருந்து ஒரு உத்தரவு என்னிடமே வந்தது. அவர்களிடம் மொழிபெயர்ப்பவர் விடுப்பில் இருந்தாராம். ஊர்ச் சாவடியில் ஒட்டத் தமிழில் வேண்டும். எழுதத் தொடங்கினேன். இரண்டாவது பத்தியில் என் வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல், மேற்கோள் குறிக்குள் உட்கார்ந்திருந்தது. ‘ஆகவே’ என்று அடுத்த வரி தொடங்கியது. ஆகவே மேற்படி மூன்று புளிய மரங்களையும் திங்கட்கிழமை வெட்டி அகற்ற வேண்டியது. மரப் பட்டா ரத்து.

அந்த ‘ஆகவே’யைத் தமிழில் எழுத என் கை ஓடவில்லை. என் வாக்கியத்தில் ஒரு பொய் இல்லை. ஒன்பது உண்மை, பறவை உண்மை, வயிறு உண்மை, மீன் உண்மை. அத்தனை உண்மையையும் சேர்த்துக் கட்டி ஒரு முழுப் பொய்யை நான் செய்து கொடுத்திருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. அதிகாரி ஏற்காட்டு ஓடைகளில் மீன் பார்க்கப் புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலைப்பாதை ஏறுமுன் வண்டிகள் நின்று எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் அங்கே அவரைப் பிடித்தேன். உத்தரவைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

“நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுங்கள் ஐயா. அந்தப் பறவைகள் அந்த மரத்துப் பறவைகள் இல்லை என்று. நான் கொண்டு போகிறேன்” என்றேன்.

“கையெழுத்துப் போட்ட சுருக்கத்தை நானே மறுத்தால், இனி என் அறிக்கை எதையாவது நம்புவார்களா?”

“அப்படியானால் முழு அறிக்கையின் நகலையாவது கொடுங்கள்.”

“அது கோப்பில் இருக்கிறது. கோப்பை வெளியே தர எனக்கு அதிகாரம் இல்லை.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “சுருக்கத்தில் எந்தத் தவறும் இல்லையே. நீங்கள்தானே எழுதினீர்கள்?”

டிரைவர் எஞ்சின் மூடியைச் சாத்தினார். வண்டி மலை ஏறிப் போயிற்று. ஒரு வரி. சீமை வரை போய்ப் படித்த மனிதருக்கு, ஒரு மீனின் உடம்பில் எத்தனை பட்டை என்று மூன்று முறை எண்ணிப் பார்க்கிற மனிதருக்கு, ஒரு வரி எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நாமக்கல்லில் மாறி, மூன்றாவது மைல் கல்லில் இறங்கி ஓடியபோது மணி பன்னிரண்டு இருக்கும். கொடிக்கால்களைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. தென்கரைக்கு மேலே வானத்தில் நாரைகள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. அந்தப் பறவைக்குச் சொல்லும்படியான குரல் கிடையாது. அலகைத்தான் தட்டும். அவ்வளவு பறவையும் சேர்ந்து அலகைத் தட்டிக்கொண்டு சுற்றிய சத்தம், ஒரு தெரு முழுக்கத் தறி ஓடுகிற மாதிரி கேட்டது.

இரண்டு மரங்கள் விழுந்து கிடந்தன. மூன்றாவதில் கோடரி இறங்கிக்கொண்டிருந்தது. விழுந்த கிளைகளுக்குள் ஊர் ஜனம் புகுந்து, மடியிலும் கூடையிலும் புளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பறவைகளுக்காக அந்த அம்மாள் தொடாமல் விட்டிருந்த பழம். கட்டுப்பாடு, கட்டுப்பாடு என்று அத்தனை வருடம் கையைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஊர்தான். காலடியில் குஞ்சுகள் கிடந்தன. பழத்தை எடுக்க அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு எடுத்தார்கள். குத்தகைதாரர், இன்னும் விழாத மூன்றாவது மரத்துக்குக் கீழே, குடையை நன்றாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“வாங்க குமாஸ்தாங்க, வாங்க! என்னா எழுத்துங்க உங்களுது! தொர இருவது பக்கத்துல சொல்லாதத ஒரே பக்கத்துல சொல்லிப்போட்டீங்களே!”

நான் அவரைத் தாண்டி, உத்தரவை நிறைவேற்ற வந்திருந்த மணியக்காரரிடம் போனேன். பெரிய அறிக்கையில் வேறு விதமாக எழுதியிருக்கிறது, அந்தப் பறவைகள் வேறு, இந்த மரத்துப் பறவைகள் வேறு, தயவு செய்து ஒரு நாள் நிறுத்துங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கோடரிக்காரரைக் கை காட்டி நிறுத்தினார். கரையில் சத்தம் அடங்கியது.

“அந்தப் பெரிய தாளக் கொண்டாந்திருக்கீங்களா?”

“இல்லைங்க. சேலத்தில் அலமாரியில் இருக்கிறது.”

“அப்ப எங்கையில இருக்கற தாளத்தானுங்க நான் பாக்க முடியும்? இதுல சொல்லியிருக்கறதும் நீங்க எழுதுனதுதானாமா?”

“ஆமாங்க” என்றேன். அவர் கோடரிக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். கோடரி மறுபடி இறங்கத் தொடங்கியது.

அந்த அம்மாள் அழவில்லை, யாரோடும் சண்டை பிடிக்கவும் இல்லை. எருக் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, அதில் வைக்கோல் பரப்பி, உயிரோடிருந்த குஞ்சுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். வாய்க்காலில் பொறுக்கி வந்த நத்தையை நசுக்கி ஒரு குஞ்சின் வாயில் திணித்துப் பார்த்தார். அது விழுங்கவில்லை. நான் அவர் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். வாக்கியத்தையும், அடித்ததையும், எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கை வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சுடறப்ப நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க?”

“ஆமாங்கம்மா.”

“கொளத்தங்கரையிலதான நின்னீங்க?”

“ஆமாங்க.”

“நின்ன எடத்த எழுதறதுக்கு எத்தன எடம் வேணும் சாமி?”

அதற்குள் மூன்றாவது மரம் முறிகிற சத்தம் கேட்டது. எல்லோரும் விலகி ஓடினோம்.

அன்றே நாமக்கல் தபாலாபீசில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகைக்கு நடந்தது முழுவதும் எழுதி அனுப்பினேன். மைல் கல், ஏரி, மதகு, நாற்றுக் குளம், எந்தப் பறவை எங்கே அடையும் என்பது வரை எழுதினேன். எட்டு நாள் கழித்து அச்சில் வந்தது, நான்கு வரி. ‘சேலம் ஜில்லாவில் ஓரிடத்தில் பறவைகள் அடையும் மரங்கள் வெட்டப்பட்டது குறித்து ஒரு வாசகர் வருந்துகிறார்.’ அங்கே சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தவர் என்னைப் போலவே வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். என் தற்காலிக வேலையும் ஆறு மாதம் நிறையும் முன்பே முடிந்தது; காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கூடையில் எடுத்த குஞ்சுகளில் ஒன்றும் பிழைக்கவில்லை என்று பிற்பாடு போனபோது அந்த அம்மாள் சொன்னார். கொடிக்காலைப் பாதிக்கு மேல் வேறொருவருக்கு விட்டிருந்தார். குத்தகைதாரரின் குளத்துக்கு நீர்க்காகங்கள் முன்போலவே வந்துகொண்டிருந்தன. அவை கருவேல மரத்துப் பறவைகள், புளிய மரம் போனது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. கடைசியில், நான் போனபோது, குத்தகைதாரரே குளத்தின் மேல் ஒரு பழைய வலையை இழுத்துக் கட்டியிருந்தார்.

அடுத்த வருடம் அதிகாரி எனக்கு ஒரு தபால் அனுப்பினார். புதிய அயிரை மீனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையின் அச்சுப் பிரதி. முதல் பக்கத்தில் அன்போடு கையெழுத்து. கிடைத்த இடம் என்ற தலைப்பின் கீழ் விவரமாக எழுதியிருந்தார்: எந்தச் சாலை, எந்த மைல் கல், ஏரியின் எந்தக் கரை, மதகிலிருந்து எத்தனை தப்படி, எந்தத் திசை. சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. முறமும் சீமாறும் அதில் இல்லை. அந்த இடத்தில் நின்ற மரங்களும் இல்லை. ஒரு விரல் நீள மீனுக்கு இடம் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்த மனிதருக்கு, என் வாக்கியத்தில் விரல் வைத்து நிறுத்தியபோது மட்டும் அது தெரியாமல் போயிற்றா? அந்தப் பிரதியை நான் கிழிக்கவில்லை. நான் அடித்த சுருக்கத்தின் கார்பன் நகலோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

பிறகு மறுபடியும் பத்திரிகை வேலைக்குத்தான் போனேன். முப்பது வருடம் மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கித்தான் பிழைத்தேன். ‘எங்கே’ என்பதை மட்டும் நான் அடித்ததில்லை. மற்றவர்கள் அடித்தால் திரும்ப எழுதுவேன். பெரியவருக்கு இது ஒரு பித்து என்று பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த உறையை எப்போதாவது பிரித்துப் பார்க்கும்போது, மங்கிப் போன எழுத்துகளைவிட அவற்றுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் அந்த மூன்று விரல் வெற்றிடம்தான் முதலில் கண்ணில் படுகிறது. மூன்று புளிய மரங்களும் அத்தனை கூடுகளும் நிற்பதற்கு அந்த இடம் தாராளமாகப் போதுமாயிருந்தது.